அப்பாவுக்குப் பதிலாக ஏகாதசி

மூன்றாவது தடவையாக வசுதா லேசர் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னபோது கண் டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். கோபப்படுகிற பெண்மணி அல்ல அவர். நிதானமாகத்தான் சொன்னார். வலது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. சர்க்கரை வியாதி கண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துக் கசியவிட்டிருக்கிறது. லேசர் வைத்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம். வைக்காமல் விட்டால் ஒரு நாள் தூங்கி எழுந்ததும் கண்முன் கறுப்பாகத் திரை தொங்கும், அப்புறம் தன்னிடம் வந்து பிரயோஜனமில்லை. கடைசியாக, வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருமே இல்லையா என்று கேட்டார். அப்பா இருக்கிறார் என்றாள் வசுதா. டாக்டர் கேட்டது அதுவல்ல என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

லேசர் என்பது அரை மணி நேர வேலை. ஆனால் சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரியக் காத்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் அன்று சாயங்காலம்வரை எல்லாம் மங்கலாகத் தெரியும், அடுப்பில் வேலை செய்ய முடியாது. அப்படி நாலைந்து தடவை. கிருஷ்ணமூர்த்திபுரத்து வீட்டில் வசுதாவுக்கு அப்படிப்பட்ட ஒரு நாள் கூடக் கிடையாது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா ஆழ்வாருக்கு எண்பத்தேழு. மேலுகோட்டையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் மைசூருக்கு வந்த குடும்பம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆபீசில் எல்லாரோடும் சிரித்துப் பேசுவார், காபி மட்டும் குடிக்க மாட்டார். வீட்டில் தளிகை பண்ணுகிற கை குளித்து, யாரும் தொடாத மடித்துணி உடுத்திய கையாக இருக்க வேண்டும், அதுவும் தங்கள் மனுஷர்களின் கையாக இருக்க வேண்டும். அம்மா இருந்தவரை அது அம்மாவின் கை. நஞ்சன்கூடு சாலையில் நடந்த விபத்தில் கணவன் போய், குழந்தையும் இல்லாமல், வசுதா பெட்டியோடு திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில் ஒரு பக்கம் ஒதுங்கி அவளுக்கு இடம் கொடுத்தாள். பிறகு அம்மாவும் போனாள். மூச்சு வாங்குகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அப்பாவின் கண்புரை ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றாள். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த வாரத்தில் அம்மா அடுப்படியிலேயே சாய்ந்தாள். அன்றிலிருந்து வசுதாவின் கைதான்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றி ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் அவள் செய்திருந்தாள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாள். வழுக்குகிற டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்தாள். நடைவழியில் கிடந்த கால்மிதிகளை எடுத்துப் பரண்மேல் போட்டாள். கட்டிலிலிருந்து கூடத்துக்குப் போகிற வழியில் இரவெல்லாம் எரிகிற சிறு விளக்கு. படுக்கையிலிருந்து எழுந்தால் உடனே நிற்கக்கூடாது, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிற்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கியிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், புரையேறினால் பேசக்கூடாது. மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று அறை பிரித்த டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஆழ்வார் எதையும் மறுத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை வைத்தார், அவ்வளவுதான். தரையில் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்க முடியவில்லை, நாற்காலி போடலாம் என்று டாக்டர் சொன்னபோது சரி என்றார். ஆனால் நாற்காலி மடியாக இருக்க வேண்டும். ஆகவே அவள் தினமும் காலையில் அந்தத் தேக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடிக் குழாயில் அலம்பித் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள். பிடித்து நடக்கிற வாக்கரையும் அப்படியே. அவர் விழாமல் இருக்கச் செய்த ஒவ்வொரு ஏற்பாடும் அவள் முதுகில் ஒரு வேலையாக ஏறிக்கொண்டது.

ஆளே வைத்துப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு முறை ஏஜென்சி மூலமாக ஒரு நர்ஸ் பெண் வந்தாள். நல்ல பெண். ஆழ்வார் அவளிடம் ஊர் பேர் எல்லாம் விசாரித்தார், அவள் குழந்தைக்குப் பேர் வைத்த கதையைக் கேட்டுச் சிரித்தார். அவள் கொடுத்த தண்ணீரை மட்டும் குடிக்கவில்லை. வசுதா பேங்க்குக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு மத்தியானம் வரும்போது நாக்கு உலர்ந்து, ரத்த அழுத்தம் இறங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் சாய்ந்திருந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வசுதாவுக்குத் துணிவு வரவில்லை.

ஏகாதசி விஷயம் போன வருஷம் மழைக்காலத்தில் தொடங்கியது. அந்த வீட்டில் ஏகாதசி என்றால் தீர்த்தம் மட்டும்தான். ஆழ்வாரின் தாத்தா காலத்திலிருந்து ஒரு ஏகாதசி தவறியதில்லை என்பார்கள். போன ஆஷாடத்தில் விரதமிருந்த அன்று சாயங்காலம் அவர் குளியலறையில் கண் இருண்டு சரிந்தார். கம்பியைப் பிடித்திருந்ததால் தலை தப்பியது. இனி பட்டினி கூடவே கூடாது, சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஏகாதசிக்கு முன்தினம் ஆழ்வார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் சாப்பிடறேன். டாக்டர் சொல்றார், கேக்கறேன். ஆனா ஆத்துல ஒருத்தராவது இருக்கணுமே, வசு. இத்தனை காலமா இருந்த ஆம்."

தம்பி வாமன் பெங்களூரிலிருந்து ஃபோனில் கேட்டுவிட்டு, நான் இருக்கிறேன் அப்பா என்றான். ஆழ்வாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயா? கேன்டீன்ல ரெண்டு மசால் தோசையைத் தின்னுட்டு, மூணாவது வேண்டாம்னு சொல்லிட்டு வருவே. அதுக்குப் பேரு விரதம்."

வாமனும் சிரித்தான். அவன் மனைவி பின்னாலிருந்து, மாமா சரியாகத்தான் சொல்கிறார் என்றது ஃபோனில் கேட்டது. எல்லாரும் சிரித்து முடிந்த பிறகு வசுதா, "நீங்கோ சாப்பிடுங்கோ அப்பா. உங்களுக்காக நான் இருக்கேன்" என்றாள். அதற்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் சர்க்கரை உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் வியாதி என்றால் அப்பாவின் வியாதி. அவளுடையது ஒரு பழக்கம் மாதிரி, மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது மாதிரி.

அப்படிப் பல ஏகாதசிகள் போயின. தலைவலிக்கும், அடுத்த நாள் காலையில் பாரணை பண்ணி விரதத்தை முடித்ததும் சரியாகும். அவள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை வெறும் வயிற்றிலும் பெரிதாகப் படுத்தாத மாத்திரை. அது அவளுக்குத் தெரியாது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தாள்.

கண்ணில் கசிவு தெரிந்த பிறகு சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றினார். புதியது சர்க்கரையை வேகமாக இறக்கும், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட வேண்டும், போட்டால் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். வசுதா தலையாட்டினாள். அன்றைக்கு அவள் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், அதில் பொட்டாசியம் ஏறியிருந்தது. காதில் விழுந்ததில் பாதி அப்பாவைப் பற்றியதாகவே அவளுக்குப் பட்டது. விரதம் இருக்கிற வழக்கமுண்டா என்று டாக்டரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்பாவின் விரதம் பற்றி என்றால் முதல் வார்த்தையாகச் சொல்லியிருப்பாள்.

மாத்திரை மாறிய பிறகு வந்த ஏகாதசி அன்று காலையிலும் வழக்கம்போல மாத்திரை டப்பாவைத் திறந்து அப்பாவுக்குக் கொடுத்தாள். கொடுத்த கையோடு தன் மாத்திரையையும் பிரித்து வாயில் போட்டு, பெருமாள் தீர்த்தத்தோடு விழுங்கினாள். கை தானாகச் செய்கிற வேலை அது. பிறகு அப்பாவுக்கு இட்லியும், மத்தியானத்துக்கு சாத்தமுது என்று அவர்கள் சொல்கிற உப்புக் குறைத்த ரசமும், நன்றாகக் குழைத்த சாதமும் பண்ணினாள். நாற்காலியை அலம்பினாள். அவர் வேஷ்டிகளைத் தோய்த்து உயரக் கொடியில் கோலால் தள்ளி உலர்த்தினாள். மத்தியானத்துக்குமேல் கை நடுங்க ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்தது. எரிச்சலாக வந்தது, அப்பா ஒரு தடவை கூப்பிட்டதற்கு இரண்டு தடவை கத்தினாள். விரத நாளில் கத்துகிறோமே என்று வருத்தப்பட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்தாள். தூக்கம் வராமல் மார்பு படபடத்தது. ஒரு ஸ்பூன் சர்க்கரை வாயில் போட்டிருந்தால் போதும். சர்க்கரை டப்பா நாலடி தள்ளிச் சமையலறைத் தட்டில்தான் இருந்தது.

சாயங்காலம் ஆழ்வார் கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அவள் எழுந்து வந்து, நாற்காலியிலிருந்து எழுப்ப அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். அவர் பாதி எழுந்திருந்தார். அப்போது கூடத்துச் சுவர்கள் பின்னால் போவது போல அவளுக்கு இருந்தது. விழப்போகிறோம் என்று தெரிந்தது. விழுந்தால் அவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவோம், அவர் இடுப்பு எலும்பு உடையும், உடைந்தால் இந்த வயதில் எழுந்திருக்க மாட்டார் என்பதெல்லாம் ஒரே கணத்தில் தெரிந்தது. அவரைப் பலமாக நாற்காலியில் திருப்பித் தள்ளினாள். பிறகு விழுந்தாள்.

ஆழ்வார் முதலில் கோபப்பட்டார், தள்ளுகிறாளே என்று. பிறகு தரையைப் பார்த்தார்.

நாற்காலிக் கைப்பிடியில் ஒரு மணி கட்டியிருந்தது. வசுதா கட்டியது, அவள் எங்கே இருந்தாலும் அவர் கூப்பிட. அவர் அதை ஆட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த மணி சத்தத்துக்கு வருகிறவள் அவர் காலடியில் கிடந்தாள். அவளுக்காக யாரையாவது கூப்பிட அந்த வீட்டில் ஒரு ஏற்பாடும் இல்லை. ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடுத்த வீட்டில் ஒரு சாவி கொடுத்து வை, அக்கா என்று வாமன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். யாராவது மடி நேரத்தில் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டால் என்று அவள் கொடுக்கவில்லை.

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். மகள் பழக்கியிருந்தபடி, தலை சுற்றவில்லை என்று தெரியும்வரை அப்படியே நின்றார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, வாசலுக்குப் போனார். இரண்டு வருஷமாக அவர் துணையில்லாமல் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. தாழைத் தள்ளி, பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டுப் பிரதிபா மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவள். அவள் அப்பாவும் ரயில்வேக்காரர், கார்டாக இருந்தவர். மணி நிற்காமல் அடிப்பதைக் கேட்டு ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் ஆழ்வார் கூடத்து ஓரத்துப் பெருமாள் சன்னிதிக்குப் போய்த் தீர்த்த வட்டிலை எடுத்திருந்தார். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் வட்டில். மயங்கினவர் வாயில் தீர்த்தம் விடுவதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் தாயாருக்கு விட்டார், மனைவிக்கு விட்டார்.

"ஐயோ பேட, வேண்டாம் மாமா, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. மயக்கத்துல இருந்தா நெஞ்சுக்குள்ள போயிடும்" என்று பிரதிபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரை உட்கார வைத்துவிட்டுக் குனிந்து வசுதாவின் தோளைத் தட்டினாள். வசுதா முனகினாள், கண்ணைத் திறந்து அவளைத் தெரியாதவள் மாதிரி பார்த்தாள். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. "வசுதாக்கா சுகர் மாத்திரை போட்டாளா மாமா? சாப்பிட்டாளா?"

"இன்னிக்கு ஏகாதசி" என்றார் ஆழ்வார்.

"சர்க்கரை வேணும் மாமா" என்று பிரதிபா சுற்றுமுற்றும் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கூடத்தைத் தாண்டியதில்லை. குக்கர் விசில் எண்ணச் சொன்னால்கூட வாசலில் நின்று எண்ணுகிறவள்.

"சக்கரை உள்ள இருக்கு. ரெண்டாவது தட்டுல, எவர்சில்வர் டப்பா" என்றார் ஆழ்வார். அவள் தயங்குவதைப் பார்த்து, "போம்மா உள்ளே. போ" என்றார்.

வசுதாவை ஒருக்களித்துத் தூக்கிச் சாய்த்துவைத்து, நான் சொல்வது கேட்கிறதா, முழுங்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்று தெரிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தாள் பிரதிபா. கொஞ்ச நேரத்தில் வசுதாவுக்கு நினைவு தெளிந்தது. முதலில் கேட்டது, அப்பா விழுந்தாரா என்று. இல்லை என்றதும், இப்போது ஆஸ்பத்திரி எதற்கு, நாளைக்குக் காலையில் அவருக்குத் தளிகை பண்ண வேண்டும் என்றாள். பிரதிபா ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள்.

நர்ஸிங் ஹோமில் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை ஏறின மாதிரி ஏறி இரவில் மறுபடி இறங்கியது. இந்த வகை மாத்திரை வெறும் வயிற்றில் அப்படித்தான் செய்யும், ஒரு தடவை சர்க்கரை குடித்து எழுந்துவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பீர்கள் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். சாப்பிட முடியாத நாள், வாந்தி எடுக்கிற நாள், விரத நாள் எதுவானாலும் முன்கூட்டியே கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கையெட்டும் தூரத்தில் இனிப்பாக ஏதாவது வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். வசுதாவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் என்று அவர் தலையணைக்கடியில் இரண்டு வருஷமாகக் கற்கண்டுப் பொட்டலம் இருக்கிறது.

வாமன் அன்று இரவே பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னக்கா நீ" என்றான். அவள், அரிசி மாடத்துக்குக் கீழ் டின்னில் இருக்கிறது, சாத்தமுதுப் பொடி பச்சை மூடி, குளித்துவிட்டு மடிக்குக் கொடியில் இருக்கிற பழைய வேஷ்டியைக் கட்டிக்கொள், அப்பாவுக்கு உப்பு கம்மி என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே நாக்குக் குழறியது. நர்ஸ் அவனை வெளியே போகச் சொன்னாள்.

அந்த இரண்டு நாள் வீட்டில் நடந்ததை வசுதா பிறகு பிரதிபாவிடமிருந்து தெரிந்துகொண்டாள். வாமன் குளித்து, மடி உடுத்தி, முறைப்படி தளிகை பண்ணினான். சாதம் அடிப்பிடித்தது. சாத்தமுதில் புளி மட்டும் இருந்தது. ஆழ்வார் ஒரு வாய் போட்டுக்கொண்டு, மகனை நெடுநேரம் பார்த்தார்.

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா. என்னையும் அங்க அனுப்பிடலாம்னு பாக்கறியாடா?"

பிரதிபா அதற்குள் நாச்சம்மாளைக் கூட்டி வந்திருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துக்காரி. அடுத்த தெருவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த அம்மா போன மாதம் காலமானதிலிருந்து வேறு இடம் தேடிக்கொண்டிருந்தாள். ராத்திரி துணைக்கு, கைகால் பிடிக்க என்றுதான் அழைத்து வந்தது. அடுப்பைத் தொட வேண்டாம் என்று வாமனே அவளிடம் சொல்லியிருந்தான். மறுநாள் மத்தியானம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போன சமயம் ஆழ்வாருக்குப் பசி தாங்கவில்லை. நாச்சம்மாள் தனக்கென்று பின்கட்டில் ஸ்டவ்வில் சோறு பொங்கி மிளகு ரசம் வைத்திருந்தாள். வாசனை கூடம்வரை வந்தது.

"அது என்ன ரசம்?" என்று கேட்டாராம்.

"மொளகு ரசமுங்க சாமி. பூண்டு போடலீங்க, நீங்க இருக்கற ஊடுன்னு. ஒரு வாய் குடிச்சுப் போட்டுப் படுங்க. ஆரு பாக்கறாங்க, பெருமாளுந்தான் இந்நேரத்துக்குத் தூங்கியிருப்பாரு."

ஆழ்வார் குடித்தார். பிறகு சாதத்தைப் பிசைந்து தரச் சொன்னார்.

மூன்றாம் நாள் வசுதா ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அலம்பாத நாற்காலி. நாச்சம்மாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர் சாதத்தை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள், விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாய் கொடுத்தாள். கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா ஷேவ் செய்துகொண்டு பளிச்சென்று இருந்தார்.

"வந்துட்டியா வசு" என்றார் வாயில் சாதத்தோடு. "இவ நன்னாத்தான் பண்றா. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

வாமன் பின்னாலிருந்து சந்தோஷமாக, பார்த்தாயா அக்கா, எல்லாம் சரியாகிவிட்டது என்றான். வசுதா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பாரம் இறங்கின மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் விடியுமுன் குளித்த குளியல், அலம்பின நாற்காலி, வெளியூரில் போகாமல் விட்ட கல்யாணங்கள், மூன்று தடவை தள்ளிப்போட்ட கண். இவற்றில் ஒன்றும் எந்த மலையையும் தாங்கி நிற்கவில்லை. வெறும் இரண்டு நாள் பசிக்கு அந்த மடி விலகிக்கொண்டுவிட்டது. அப்படியானால் அம்மா? அம்மா எதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்?

வாமன் பெங்களூர் திரும்பிய பிறகு, நாச்சம்மாள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில், அவள் அவரிடம் கேட்டாள்.

"அப்பா, முன்னாடியே இப்படி ஒருத்தர் கையால சாப்பிட்டிருக்கலாமே. ஏன் மாட்டேன்னேள்?"

ஆழ்வார் யோசித்தார். பொய் சொல்கிற மனுஷர் அல்ல.

"நீ இருந்தியே" என்றார்.

அவரே தொடர்ந்து, "உங்கம்மா இருந்தா. அப்புறம் நீ இருந்தே. எனக்கு யோசிக்க வேண்டியே வரலைம்மா" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, இனிமேல் ஏகாதசிக்கு யாரும் இருக்க வேண்டாம், நான் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போதும் என்றார். அதைச் சொன்னதும் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கை நாற்காலிப் பிடியில் கிடந்தது. எண்பத்தேழு வயதுக் கை. அதன்மேல் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை வீட்டுச் சாவி ஒன்றைப் பிரதிபாவிடம் கொடுத்தாள். அப்பாவுடைய மாத்திரை எது, தன்னுடையது எது, எதைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று நாச்சம்மாளுக்கு இரண்டு தடவை சொன்னாள். நாச்சம்மாள், "போதுமுங்கக்கா, நீங்க போய்ப் போட்டு வாங்க" என்று அவளை வாசல்வரை தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். வசுதா மாத்திரை போட்டுக்கொண்டு, இட்லியும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

கண் ஆஸ்பத்திரி நடைவழியில் நிறைய பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். முதல் சொட்டு எரிந்தது. டாக்டர் மறுபடி பரிசோதித்துவிட்டு, போன முறையைவிட வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது என்றார். இன்றைக்கு அந்தக் கண்ணில் தொடங்கலாம். அடுத்த தடவைக்கும் வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றாள்.

நடைவழியில் மறுபடி வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்த கடிகாரத்தில் முள் இருந்த இடம் தெரியவில்லை. கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், யார் பேர் என்று படிக்க முடியவில்லை. தடவிக் காதில் வைத்தாள்.

அப்பாதான். நாச்சம்மாள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"வசு, எப்ப வருவே? எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி எங்கேன்னு இவளுக்குத் தெரியலையாம்."

அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு ஊறுகாய் கூடாது அப்பா. இல்லாமலே சாப்பிடுங்கோ" என்றாள். "நான் வரதுக்கு நாழியாகும்."

ஃபோனை வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து, குரல் வந்த பக்கமாக நடந்தாள்.